பழகிவிடும் என்பது நீதியா?

"எல்லாம் பழகிவிடும்" என்னும் சொல் நம்மவரிடையே பெரிதும் வழங்குகின்றது. புகையிடையே உழைப்பவனுக்கும் களைக்கொல்லி தெளிப்பவளுக்கும் இச்சொல்லையே ஆறுதலாகக் கூறுவர். "நஞ்சிலே கிருமியும் வாழ்கின்றதன்றோ? மனிதன் மட்டும் பொறுக்கலாகாதா?" என்று இயற்கையைச் சான்றுக்கு அழைப்பாரும் உளர். அச்சான்றையே விசாரிப்போம்.

ஒரே உயிரணுவை உடலாகக் கொண்ட நுண்ணுயிர்கள் சில, பாதரசம் கலந்த சேற்றிலும் வாழ்கின்றன. அந்நஞ்சை எதிர்ப்பதற்கென்றே ஒரு மரபணுக் கூட்டம் அவற்றினுள் அமைந்துள்ளது. அதன் வாயிலில் ஒரு புரதம் காவல் நிற்கின்றது. பாதரசம் இல்லாதபோது அது வாயிலை அடைத்து வைக்கும். பாதரசம் வந்து தன்னைப் பற்றிய அளவிலே வடிவு மாறி, மரபிழையின் முறுக்கைச் சிறிது தளர்த்தி, வாயிலைத் திறந்துவிடும். உடனே வேண்டிய புரதங்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்று, கொடிய பாதரச உப்பை வெறும் பாதரசமாக்கும். அது ஆவியாகி வெளியேறும். சிலவற்றில் மற்றொரு நொதியும் உண்டு. அது மீதைல் பாதரசம் என்னும் மிகக் கொடிய கூட்டுப்பொருளையும் அறுத்துப் பிரிக்கும். நஞ்சு நீங்கியதும் வாயில் மீண்டும் அடைபடும்.

இதனைப் பழக்கம் என்னலாமோ? ஆகாது. நஞ்சு மிக்க இடத்தில் இத்தற்காப்பு இல்லாதவை மாள்கின்றன. உடையவை எஞ்சுகின்றன, பெருகுகின்றன, அண்டை உயிர்களுக்கும் அம்மரபணுவை வழங்குகின்றன. எஞ்சியவற்றை மட்டும் கண்டு "பழகிவிட்டன" என்கின்றோம். மாண்டவற்றை எண்ணுவார் இல்லை.

ஜப்பான் நாட்டு மினமாட்டா வளைகுடாவைக் காண்க. 1932 முதல் 1968 வரை அங்கிருந்த ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் கழிவுநீரோடு மீதைல் பாதரசமும் வெளியேறியது. மீனிலும் சிப்பியிலும் சேர்ந்த அந்நஞ்சு, அவற்றை உண்ட மீனவர் குடும்பங்களை அடைந்தது. 1956இல் அந்நோய் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது. கைகால் நடுங்கின, பார்வை குறுகியது, பேச்சுக் குழறியது, பலர் மாண்டனர். அவ்வளைகுடாவின் சேற்றிலிருந்தே, பாதரசத்தை எதிர்த்து வாழும் நுண்ணுயிரைப் பிற்காலத்தில் அறிஞர் பிரித்தெடுத்தனர்.

கடல் ஒன்று, நஞ்சும் ஒன்று. நுண்ணுயிர் தன் வழித்தோன்றலுக்குத் தற்காப்பை அளித்தது. மனிதத் தாயோ, தன் கருவிலிருந்த மகவுக்குத் தானறியாமலே நஞ்சை அளிக்க நேர்ந்தது. அங்ஙனம் பிறவியிலேயே நோயுற்ற குழந்தைகள் உண்டென்பது 1962இல் உறுதிப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அக்கடலோடு பழகியவரைப் பழக்கம் காத்ததா?

கிருமிக்குக் கழிவுநீர்க் குழாயை அடைக்கும் ஆற்றல் இல்லை, மனிதனுக்கு உண்டு. அதற்கு மரபணு செய்வதை, நமக்கு அறிவும் சட்டமும் ஒற்றுமையும் செய்தல் வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கைக்கு அவ்வூரின் பெயரே இடப்பட்டது. 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. நோய் வெளிப்பட்டு அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே இவ்வளவும்!

ஆகவே தோழர்களே, "பழகிவிடும்" என்று எவரேனும் கூறின், பழக வேண்டியவர் யார், கூறுபவர் யார் என்று கேளுங்கள். கிருமியும் நஞ்சைப் பொறுத்துக்கொண்டு வாழவில்லை. அதனை வெளியேற்றியே வாழ்கின்றது. அறிவுடைய மனிதன் அதனினும் தாழ்ந்து நிற்றல் தகுமா?