பிரசங்கமும் சிரத்தையும்

எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்து, இளம் பிராயத்திலேயே 'பாரதி' என்ற பட்டம் பெற்ற சுப்பிரமணியர், 1921 ஜூலை 31ஆம் தேதி ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலையில் பிரசங்கம் செய்ய எடுத்துக்கொண்ட விஷயம், 'மனிதனுக்கு மரணமில்லை' என்பதாகும்.

பிரமாணங்களைத் தொகுத்து, ஆட்சேபங்களை முன்னதாகவே எண்ணி, கேட்போரின் பக்குவமறிந்து சொல்லை அளந்து வைத்துக்கொள்வது பிரசங்கியின் கடமையே. ஆயினும், பாடை நாள்தோறும் போகும் தெருவில் நின்று மரணமில்லையென்று ஒருவர் சாதிக்கப் புகும்போது, தர்க்கம் வாசல் வரையில்தான் துணைவரும். அதற்கப்பால் சபையோர் எடைபோடுவது பேசுவோரின் வாழ்வையே. வறுமையும் சிறையும் கண்டு அஞ்சாத பாரதிக்கு அந்த வாழ்வே முதற் பிரமாணம்.

அப்பிரசங்கத்திற்குப் பின் ஆறு வாரங்களில் அவர் தேகம் மறைந்தது. அதனால் பிரசங்கம் பொய்த்ததென்பார், மரணபயத்தை வென்றவனுக்கு மரணத்தால் குறைவில்லை என்னும் தத்துவத்தை உணராதவராவர். எழுத்தாளர் கல்கியின் முயற்சியாலும் பொதுமக்கள் பொருளுதவியாலும் எழுந்து, 1947இல் திறக்கப்பெற்ற எட்டயபுரம் பாரதி மணிமண்டபம், அவர் சொல்லைத் தமிழர் நம்பியதற்குச் சாட்சி.

மேடையேறும் இளைஞர்களே, பிறரை நம்பவைக்கப் புகுமுன் நீங்கள் நம்புங்கள், நம்பாததைப் பேசாதீர்கள்.