நகலின் நியாயம்

அமெரிக்காவில் 'மஸில் கார்' என்று ஒரு வகை உண்டு. குடும்பத்துக்கென்று செய்த நடுத்தரக் காருக்குள் அதன் அளவுக்குச் சம்பந்தமில்லாத பெரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றது. அறுபதுகளின் நடுவில் எழுந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் பெட்ரோல் நெருக்கடியுமாகச் சேர்ந்து அடக்கிய மோகம். அன்று மிஞ்சியவை இன்று பங்குப்பத்திரம் மாதிரி கைமாறுகின்றன. 1971-ன் ப்ளிமத் ஹெமி குடா, திறந்த கார், ஒன்று 2014-ல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று. விலை இப்படி ஏறும் இடத்தில் நகல்கள் முளைப்பதில் ஆச்சரியமில்லை. நகல் செய்வது தவறா என்ற கேள்விக்குச் சேகரிப்பாளர்களிடம் சுலபமான பதில் இருக்கிறது: அசல் அசல்தான், நகல் நகல்தான். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. அசல் என்பதே இங்கு என்னவென்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

1964-ன் பான்டியாக் ஜி.டி.ஓ.வை எடுத்துக்கொள்வோம். மஸில் காரின் தொடக்கம் என்று பெரும்பாலோர் இதைத்தான் சொல்கிறார்கள். நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. பான்டியாக் பிரிவின் ஜான் டிலோரியனும் சகாக்களும் புதுக் கார் என்று அறிவிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த லெமான்ஸ் காருக்கு, வேண்டுவோர் கேட்டுப் பெறும் உபரிச் சாமான்களின் கட்டு என்று சொல்லி 389 கன அங்குல எஞ்சினை உள்ளே நுழைத்தார்கள். கட்டின் விலை 300 டாலருக்குச் சற்றுக் குறைவு. பெயர் ஃபெராரியிடமிருந்து எடுத்தது. பந்தயத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது என்று இத்தாலியில் பொருள்படும் எழுத்துகளை, அப்படி எந்த அங்கீகாரமும் பெறாத வண்டியின் மேல் ஒட்டினார்கள். அதோடும் நிற்கவில்லை. அவ்வருஷம் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியில் 389-க்குப் பதில் 421 எஞ்சின் இருந்தது. பான்டியாக்கின் விளம்பர வேலையைப் பார்த்த ஜிம் வேங்கர்ஸ் வெகுகாலம் கழித்து இதை ஒப்புக்கொண்டார். ஆக, மூலமே விதியை ஏய்த்து, பெயரைக் களவாடி, பரீட்சையில் ஆள்மாறாட்டம் செய்து பிறந்தது.

இதைச் சொல்லி நகலுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அசலின் குலம் கோத்திரம் சரியில்லை என்பதால் போலிக்குப் புனிதம் வந்துவிடாது. என் அக்கறை வேறு. 1964, 65-ஆம் வருஷங்களின் ஜி.டி.ஓ. சேஸிஸ் எண்ணும் லெமான்ஸ் சேஸிஸ் எண்ணும் ஒரே வரிசை. எண்ணைப் பார்த்து இது ஜி.டி.ஓ. என்று சொல்வது 1966-லிருந்துதான் சாத்தியம். அதற்கு முந்திய வண்டிக்குச் சாட்சி, தொழிற்சாலை போட்ட பில். ஒருவர் இன்று 64-ன் லெமான்ஸ் ஒன்றைப் பிடித்து, அதே வருஷத்து 389 எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே ஸ்பிரிங், பானட்டில் அதே மூக்குத் துவாரங்கள் (அவை அன்றைக்கே காற்று புகாத, அலங்காரத்துக்கு வைத்தவை), அதே எழுத்துகள் எல்லாம் தேடிச் சேர்த்துப் பூட்டிவிட்டால்? தகட்டுக்குத் தகடு, திருகுக்குத் திருகு வித்தியாசமில்லை. அன்று ஒரு தொழிலாளி அந்த எஞ்சினை இறக்கியது, கையில் வந்த காகிதம் அப்படிச் சொன்னதால். இன்று ஒருவர் தன் கொட்டகையில் அதை இறக்குவது, ஆசைப்பட்டதால். ஆணைப்படி செய்தது அசல். ஆசையில் செய்தது நகல். அழகியல் நிர்ணயம் மாதிரிப் பேசப்படுவது அடியில் ஒரு அலுவலக விவகாரம்.

நெல்சன் குட்மன் 1968-ல் வெளிவந்த 'கலையின் மொழிகள்' நூலில் ஒரு பாகுபாடு செய்தார். ஓவியத்தை அச்சாக இன்னொருவர் தீட்டினால் அது போலி. கவிதையை எழுத்துப் பிசகாமல் யார் பெயர்த்தெழுதினாலும் அது அந்தக் கவிதையேதான். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிக் காப்பாற்றிய மரபில் வந்த நமக்கு இது புதிதல்ல. கார் எந்தப் பக்கம்? வரைபடத்தைப் பார்த்துச் செய்தது. முதல் வருஷமே 32,450 ஜி.டி.ஓ.க்கள். கவிதைப் பக்கம்தான் நிற்க வேண்டும். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனையோ பிரதிகள் எடுக்கலாம், அவற்றில் எது அசல் என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று வால்டர் பெஞ்சமின் முப்பதுகளிலேயே சொல்லிவிட்டார். சேகரிப்பாளர் அந்த அர்த்தமில்லாத கேள்வியைத்தான் பணம் கட்டிக் கேட்கிறார். யந்திரம் கலைத்த ஒளிவட்டத்தை யந்திரத்தின் தலையிலேயே கொண்டுபோய் மாட்டுகிறார்.

இவ்வளவு தூரம் வந்தபின் நகலுக்கு முழு விடுதலை கொடுத்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தடுத்தது அந்த லெமான்ஸ்.

அதுவும் 1964-ல் இருந்தது. யாரோ கடைக்குப் போய், பெரிய எஞ்சின் வேண்டாம், அல்லது நமக்குக் கட்டாது என்று தீர்மானித்து வாங்கியது. அந்தத் தீர்மானம் வண்டியில் இருந்தது. சின்ன எஞ்சினைக் கழற்றிப்போட்டு மூன்று எழுத்துகளைத் திருகும்போது அழிவது அதுதான். சாமான்யமான ஒரு சரித்திரத்தின் மேல் பிரபலமான ஒரு சரித்திரம் பூசப்படுகிறது. வண்டி அவருடையது, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டுமே என்றால், அது சொத்துரிமை பற்றிய பதில். அசலைப் பிரதி செய்வதில் எனக்கு உறுத்தல் இல்லை. இருந்த ஒன்றை அதன் பிறப்புக்கு வெட்கப்பட வைப்பதில் இருக்கிறது.

கோப்ராவின் கதை இதற்கு நேர் எதிர். கறாராகப் பார்த்தால் அது மஸில் கார் அல்ல, ஸ்போர்ட்ஸ் கார், போகட்டும். இங்கிலாந்தின் ஏ.ஸி. கம்பெனி வண்டியில் ஃபோர்ட் எஞ்சினை வைத்து கரோல் ஷெல்பி 1962-ல் தொடங்கியது. அன்று செய்தவை மொத்தம் ஏறக்குறைய ஆயிரம். அசலின் உடல் அலுமினியம், நகலின் உடல் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ். விரலால் தட்டினால் தெரிந்துவிடும். சிலவற்றில் நொறுங்கிய மஸ்டாங்கின் எஞ்சினும் அச்சும் போகின்றன. அதையும் யாரும் ஒளிப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் செய்த இத்தகைய வண்டிகளின் மேல் ஷெல்பி தரப்பு வழக்குப் போட்டது. அந்த வடிவம் அவருக்கே உரியது என்பதை 2002-ல் மாசசூசெட்ஸ் கோர்ட் ஏற்கவில்லை. பிற்பாடு அதே வண்டிகள் ஷெல்பியின் லைசென்ஸோடு வந்தன! இன்னொரு பக்கம், 1965-ல் செய்து மிஞ்சியவை என்று ஷெல்பி பதிவு செய்த சேஸிஸ்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்தவை என்று 1993-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் எழுதியது. வடிவத்தைக் கொண்டுவந்தவர் அவர், பெயரும் அவருடையது, வருஷம் மட்டும் பொய். என் கணக்கில் அது தென்னாப்பிரிக்க நகலைவிடக் கீழ்.

கொட்டகையில் ஜி.டி.ஓ. நகல் செய்பவர் அநேகமாகப் பொய் சொல்வதில்லை. தன் கைவேலை என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார். அவரிடம் வாங்கியவர், கேட்டால் சொல்வார். மூன்றாமவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நான்காவது கையில் அது ஜி.டி.ஓ. நடுவில் ஒருவரும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. எஞ்சின் பிளாக்கில் பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புது எண் குத்துகிறவனையாவது பிடிக்கலாம். அவன் உளியின் தடம் இருக்கிறது. இவர்களில் யாரைப் பிடிப்பது? முதலில் செய்தவரைத்தான் கேட்க முடியும் என்று படுகிறது. 'இது லெமான்ஸாகப் பிறந்தது' என்று சேஸிஸில், சுலபத்தில் அழிக்கமுடியாத இடத்தில், ஒரு வரி வெட்டி வைக்கட்டும். விலை குறைந்துவிடும் என்பார். குறையட்டும், ஓட்டத்தானே செய்தார்.