அளக்கும் கோல்

பிறர் இன்ப துன்பங்களைத் தன்னுடையவைபோல் உணர்பவனே சிறந்த யோகி என்கிறார் பகவான், கீதையின் ஆறாம் அத்தியாயத்தில். தொண்டர்கள் விரும்பி ஓதும் இடம் இது. பிறரை அளக்கும் கோல் தன் நெஞ்சே என்பது மட்டும் எளிதில் மறந்துபோகிறது.

2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் உருவானவர்கள் ‘ஆஷா’ பணியாளர்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர். அவ்வூரிலேயே வாழும் பெண். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து உடன் செல்கிறார். அவ்வேளையில் அவருடைய குழந்தையே காய்ச்சலில் கிடக்கலாம். “ஊருக்கு உழைக்கிறாயே, வீட்டை யார் பார்ப்பது?” என்று மாமியார் கேட்பதும் உண்டு. விடியலில் திரும்பினால் அடுப்பு காத்திருக்கும். அதன்பின் தடுப்பூசிப் பணி. அரசின் கணக்கில் அவர் ஊழியர் அல்லர், தன்னார்வலர். பெறுவது ஊதியமன்று, ஊக்கத்தொகை. தொண்டு என்னும் புனிதச் சொல் சிலருக்கு எத்துணை வசதியாகிவிடுகிறது!

ஆண்டுகள் செல்லச் செல்ல, கர்ப்பிணியின் அழுகை அவர் காதில் விழுகிறது; நெஞ்சில் விழுவதில்லை. பக்தி குறைந்துவிட்டதென்று தம்மையே நொந்துகொள்கிறார். அது பக்திக் குறைவன்று. நியூயார்க்கின் இலவச மருத்துவமனையொன்றில் தொண்டர்களோடு உழைத்த ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர் 1974-இல் ‘பர்ன் அவுட்’ எனப் பெயரிட்டு எழுதிய சோர்வு அது. ஈடுபாடு மிக்கவர்களே அதற்கு எளிதில் ஆளாவதாகவும் அவர் கண்டார்.

கோல் தேய்ந்தபின் எதைக் கொண்டு அளப்பது? அதே அத்தியாயத்தில், சற்று முன்னரே, உணவும் உறக்கமும் அளவோடு அமையாதவனுக்கு யோகம் கைகூடாது என்று பகவான் கூறியிருக்கிறார். உறக்கத்தை அவர் யோகத்திற்குப் பகையாக்கவில்லை; அதன் உறுப்பாக்கினார்.

இரவெல்லாம் பிரசவ அறை வாசலில் நின்றவரின் வீட்டில், மறுநாள் உலை வைப்பது கணவருக்கு வாய்த்த தொண்டு. தடுப்பூசிப் பட்டியலை அன்று ஒரு நாள் வேறொருவர் ஏந்திச் செல்லலாம்.