முகக்காட்சியும் தன்வேதனையும்

தாயின் முகத்தை எதிரே கண்டு, "இவள் என் தாயை ஒப்பவள், தாயல்லள்" என ஒருவன் துணிவானாயின், அப்பிழை எக்காட்சியைச் சார்ந்தது? அவன் கண் பழுதுற்றிலது. தாயின் உருவையும் மறந்திலன். இது வெறும் புனைவினா அன்று. 1923-ஆம் ஆண்டிற் கப்கிரா என்னும் பிரெஞ்சு மருத்துவர், தம் கணவரும் மக்களும் மறைய அவர்போல்வார் பிறர் வந்துளர் எனக் கூறிய ஒரு பெண்மணியின் வரலாற்றைத் தம் துணைவரோடு வெளியிட்டார். இந்நோய் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

இதன் மறுதலையும் உண்டு. மூளையின் கீழ்ப்புறத்து ஊறுபட்டார் சிலர், மனைவி மக்கள் முகத்தையும் இன்னாரென அறியார். 1984-இற் பாவர் என்பார் ஆராய்ந்த அத்தகைய ஒருவர், முகத்தை நோக்கியிருக்க அதற்குரிய பெயர் சொல்லப்பட்டபோதும் அறிந்திலர். அவர் தோலிலோ உணர்ச்சிக்குரிய மெய்ப்பாடு தோன்றிற்று. கப்கிரா நோயாளரை 1997-இல் ஆராய்ந்தவழி, அறிந்த முகத்துக்கும் அறியா முகத்துக்கும் அம்மெய்ப்பாடு வேறுபட்டிலது. சென்னையில் மருத்துவம் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் அவ்வாண்டிலேயே விவரித்த ஒருவரோ, நேரிற் கண்ட பெற்றோரைப் போலியர் என்றவர், தொலைபேசியிற் குரல் கேட்டபோது பெற்றோரென்றே ஏற்றார்.

சவிகற்பக் காட்சிக்கு நம் நூலோர் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என ஐந்து உரைப்பர். பரிவு அவற்றுள் இல்லை. ஆயின் அராகம் முதலியவற்றான் வரும் இன்பதுன்பங்களை உயிர் அறிதலைத் தன்வேதனைக் காட்சி எனத் தனியே வைத்தனர். எண்ணிக்கை நிரப்ப வந்ததொன்றாக இதனை நாம் பலகாற் படித்துக் கடந்தோம். இப்போதோ, இந்திரியக் காட்சியும் மானதக் காட்சியும் கூடியவிடத்தும், இது வந்து பொருந்தாதாயின் "இவள் தாய்" என்னும் துணிவு நிரம்பாது என்றே கருதுகின்றோம். மூளையே அறிவது என உலகாயதர் இதுகொண்டு வாதிப்பராயின், கருவி பழுதுறக் காட்சி பழுதுறும் என்பது நமக்கும் உடன்பாடே என்று விடுக்க.

அரியது வேறொன்று. நோயாளனுக்கு மூளையின் ஊறு காரணமாயிற்று. அவனை யாரும் நோவார் அல்லர். ஊறில்லாத நம் காட்சியிலும் பழகிய விருப்பும் வெறுப்பும் புகுந்து முகத்தின் நிறத்தை மாற்றுகின்றனவே. அது யார் குற்றம்? பழக்கத்தான் வந்தது பழக்கத்தான் நீங்கற்பாலதாகலின், நம் குற்றம் என்றே சொல்லவேண்டியுளது.

சில யாண்டுகட்கு முன் மடத்து வாயிலில் வந்த ஓர் அடியவருக்கு, முன்பு நம்மை வஞ்சித்த ஒருவரின் புருவமும் நகையும் அமைந்திருந்தன. அவரோடு ஒரு சொல்லும் ஆடாது உட்சென்றோம். அவர் முகத்தில் வஞ்சத்தைக் கண்ணாற் கண்டதாகவே அன்று துணிந்திருந்தோம். பந்தியில் அவருக்கு இலை இடப்பட்டதா எனக் கேட்டோமும் அல்லோம்.