ஜவான் கடிகாரமும் திருவல்லம் கல்வெட்டும்

பழைய ராணுவக் கைக்கடிகாரம் சேகரிக்கும் ஒருவருக்கு 'ஓடுதா?' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'எல்லாம் ஒரிஜினலா?' நின்றுபோன கடிகாரத்தை ஓட வைத்துவிடலாம், மாற்றிய டயலை மாற்றாத டயலாக ஆக்க முடியாது என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'ஒரிஜினல்' என்ற சொல்லால் நாம் எதைக் கேட்கிறோம்?

நம் நாட்டு உதாரணம் எச்.எம்.டி. ஜவான். ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., ராணுவத்தினருக்காகச் செய்த மாடல் அது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். உள்ளே 17 கல். 2016-இல் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இனிமேல் வராது என்று தெரிந்த பொருளைத் தேடி ஆட்கள் வருவார்கள். தேடுகிறவர்கள் வந்தால், செய்து கொடுக்கிறவர்களும் வருவார்கள். பழைய டயலைச் சுரண்டி, புதிதாகப் பெயின்ட் அடித்து, எழுத்துகளை மறுபடி அச்சிட்டு விற்கும் கடிகாரங்களுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் கேலிப் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'.

கண்டுபிடிக்க வழிகள் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது எழுத்தின் விளிம்பு பிசிறடித்தால் மறு அச்சாக இருக்கலாம். கேஸின் மூலைகள் தேய்ந்த சோப்புப் போல மழுங்கியிருந்தால் யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ரேடியம் சோதனை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து டயல்களில் இருட்டிலும் மணி தெரிய ரேடியம் கலந்த பூச்சைப் பூசினார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. ஆனால் அதன் கதிர் பட்டு ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளிலேயே களைத்துவிடும். ஆகவே 1945-ஆம் ஆண்டுக் கடிகாரம் இன்றைக்கும் இருட்டில் ஜொலித்தால் சந்தேகப்படலாம். முட்கள் பல வருடம் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அவற்றின் உருவம் டயலில் பழுப்பாகப் பதிந்திருக்கும். அந்தத் தழும்போடு இப்போதைய முள் பொருந்தாவிட்டால், முள்ளை மாற்றியிருக்கிறார்கள்.

சரி, மாற்றியிருக்கிறார்கள். அதனால் என்ன?

1945-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 12 சுவிஸ் நிறுவனங்கள் செய்த கடிகாரங்களுக்குச் சேகரிப்பாளர்களிடம் பெரிய மவுசு. அவற்றில் பலவற்றின் ரேடியம் டயலைப் பின்னாளில் ராணுவமே கழற்றிவிட்டு டிரிட்டியம் டயலைப் பொருத்தியது. டிரிட்டியத்தின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டு அடையாளமும் வைத்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த டயல் அதில் இல்லை. ஆனாலும் யாரும் அதைப் போலி என்பதில்லை, 'சர்வீஸ் டயல்' என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். ராணுவம் மாற்றினால் வரலாறு, ரிப்பேர் கடைக்காரர் மாற்றினால் மோசடியா?

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் கச்சிராயபாளையத்தில், 'மிலிட்டரிக்காரர்' என்றே எல்லோரும் சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு ஜவான். அதை விற்க இங்கிலீஷில் நாலு வரி எழுதித் தரச் சொல்லி அவர் மகன் என்னிடம் வந்தார். கண்ணாடி புதுசு. டயல், கள்ளக்குறிச்சிக் கடை ஒன்றில் மாற்றியது. நான் அதையும் எழுதினேன். "அதை எதுக்குப் போடுற? பாதி விலைக்குக் கேப்பான்" என்றார் மகன். திண்ணையில் இருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி எறங்கி நம்பர் தெரியல, மாத்துனேன். மணி தெரியாத வாட்ச எதுக்குடா கட்டணும்? நான் என்னா திருட்டா பண்ணேன், மறைக்கிறதுக்கு? எழுது தம்பி" என்றார்.

மகனின் கவலை பொய்யில்லை. அந்த ஒரு வரிக்கு விலை உண்டு, கொடுக்கப்போவது அவர் குடும்பம். ஆனால் பெரியவர் சொன்னதில் சேகரிப்பாளர்கள் தவறவிடும் ஒரு விஷயம் இருந்தது. மறைத்தால்தான் அவர் செய்தது குற்றம்போல ஆகும். சொல்லிவிட்டால் அது வெறும் பராமரிப்பு.

இந்த வித்தியாசம் நம் கோயில்களுக்குத் தெரிந்திருக்கிறது. வேலூர் அருகே திருவல்லம் வில்வநாதேசுவரர் கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. மண்டபத்தைப் பிரித்துக் கட்டியபோது மறுபடி வெட்டியது. முன்பிருந்த கல்வெட்டின் படி இது என்று அதிலேயே சொல்லிவிடுகிறார்கள். கல் புதிது, வெட்டிய கை வேறு. ஆனாலும் ஆய்வாளர்கள் அதைப் போலி என்று தள்ளுவதில்லை. அந்த அறிவிப்பு மட்டும் இல்லாமல், பழைய கல் மாதிரியே நடித்திருந்தால் கதை வேறு.

என் வேலையிலும் தினமும் பார்க்கிறேன். பத்து வருடம் ஓடிய மென்பொருளில் முதல் நாள் எழுதிய வரி ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். யாரும் அதைப் போலி என்பதில்லை, ஏனென்றால் யார், என்றைக்கு, எதை மாற்றினார்கள் என்ற பதிவு கூடவே வருகிறது. அந்தப் பதிவை அழித்துவிட்டு 'ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்' என்று ஒருவர் சொன்னால்தான் அவரோடு வேலை செய்யப் பயமாக இருக்கும்.

சேகரிப்பாளர்களின் கணக்குப்படி உச்ச விலை போக வேண்டியது, கிடங்கில் பெட்டியைவிட்டு வெளியே வராமல், ஒரு கையிலும் ஏறாமல் கிடந்த கடிகாரம். அதாவது ராணுவக் கடிகாரங்களில் ராணுவ வேலையே பார்க்காதது. வேலை பார்த்தவற்றுக்குக் கண்ணாடி உடையும், தண்ணீர் இறங்கும், முள் மாறும்.

பழைய கடிகாரம் வாங்கினால் லென்ஸை எடுத்து நன்றாகப் பாருங்கள். மாற்றம் கண்ணில் பட்டால் மாற்றியவரைத் திட்டிவிடாதீர்கள். விற்கிறவர் அதை உங்களிடம் சொன்னாரா என்று மட்டும் யோசியுங்கள்.