மந்தையில் ஒவ்வொன்றும்

திண்டுக்கல் சமவெளியில், மாலைவேளையில் பட்டிக்குத் திரும்பும் ஆடுகளை எண்ணுபவரிடம் சற்று நின்று பேசினால் ஓர் உண்மை விளங்கும். "இது முந்தி வேலி தாண்டும், அது பயந்தாங்கொள்ளி" என்று ஒவ்வொன்றையும் அவர் பிரித்துச் சொல்வார். ஒரே இனத்திற்குள்ளும் ஒவ்வொரு விலங்குக்கும் நிலையான தனிக்குணம் உண்டு என்பதை இன்று அறிவியலும் ஏற்கிறது.

அக்குணம் அவ்விலங்கோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் மெயின் மாநிலக் காடுகளில் நடந்து, 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, காட்டெலிகள் விதைகளை எவ்வளவு தொலைவு கொண்டுசென்று எவ்வாறு சேமிக்கின்றன என்பது அவற்றின் தனிக்குணத்தையும் பொறுத்தது எனக் காட்டியது. எலி உண்ணாமல் விட்ட விதை மரமாகலாம். ஒரு சிற்றெலியின் சுபாவத்தில் நாளைய காடே மறைந்திருக்கிறது!

நம் அண்டை மாவட்டமான தேனியில் 2023-இல் நிகழ்ந்ததை நினைத்துப் பார்ப்போம். அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்ததால் 'அரிக்கொம்பன்' எனப் பெயர்பெற்ற யானை, ஏப்ரல் 29 அன்று கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. மே 27 அன்று அது கம்பம் நகருக்குள் புகுந்தது. காயமுற்ற ஒருவர் சில நாளில் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று மீண்டும் பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அம்மலைகளில் வாழும் யானைகள் அனைத்தும் அரிசியைத் தேடி ஊருக்குள் வருவதில்லை. அப்படியானால் அந்த ஒரு யானை குற்றவாளியா?

மனிதரைத் தனித்தனியே அவரவர் பொருட்டும், விலங்குகளை இனத்தின் பொருட்டும் இறைப்பராமரிப்பு வழிநடத்துகிறது என்பது புனித தாமஸ் அக்குவினாஸின் கருத்து. குருமடத்தில் அதை ஐயமின்றிக் கற்றோம். இன்று சற்றே தயங்குகிறோம். மனிதரும் விலங்கும் ஒன்றெனச் சொல்ல வரவில்லை. பகுத்தறிவும் தன்னுரிமையும் உள்ள இடத்தில்தான் பாவம் உண்டு. யானைக்குச் சுபாவம் உண்டு, பாவம் இல்லை. ஆகவே அதனைத் தடுக்கலாம், வெறுத்தல் ஆகாது. ஒரே இரவில் பயிரை இழந்த ஏழை உழவருக்கே நம் முதல் இரக்கம் உரியது. எனினும் ஒன்றின் செயலுக்காக இனம் முழுவதையும் பகைப்பது நீதியன்று. துணிந்தவற்றையே தொடர்ந்து அகற்றினால், எஞ்சும் கூட்டத்தின் இயல்பும் மாறிவிடக்கூடும்.

நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைப்பதாக நற்செய்தி கூறுகிறது. அதை உவமை என்றே நாம் பல்லாண்டு போதித்தோம். உவமைக்குள் ஆடு மேய்ப்பவரின் அனுபவமும் இருந்ததைக் காணத் தவறினோம். மந்தையைப் படைத்தவர் அதில் ஒவ்வொன்றையும் அறிவார். நாமும் சற்று உற்று நோக்கிய பின்னரே தீர்ப்பிடுவோம்.