விளக்கம் கேட்ட கர்தினால்

தூர தேசத்தில் இருக்கும் சொந்தக்காரன் தடம் மாறிவிட்டான் என்று யாரோ சொன்னால் என்ன செய்வது? 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்தினால் ராபர்ட் பெல்லார்மினுக்கு இந்தக் கேள்வி வந்தது.

1542இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி அவர். புரட்டஸ்தாந்து இயக்கத்துக்கு எதிராகக் கத்தோலிக்கத் திருச்சபையின் வாதங்களைத் திரட்டி எழுதியவர். 1599இல் கர்தினால் ஆனார். அவருடைய உறவினர் ராபர்ட் தெ நோபிலி 1606இல் கிறிஸ்தவம் பரப்ப மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பூணூல் அணிந்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அங்கே முன்பே இருந்த கொன்சாலோ பெர்னாந்தஸ் பாதிரியார் புகார் எழுதினார். சேதி ரோமுக்குப் போனது. பெல்லார்மின் மனம் நொந்து, கண்டித்துக் கடிதம் எழுதினார்.

இதுவரை எந்தப் பெரியவரும் செய்வதுதான். அந்த அடையாளங்கள் சமூக வழக்கங்களே, வழிபாடு அல்ல என்று நோபிலி விளக்கம் அனுப்பினார். வாதத்திலேயே வாழ்நாளைக் கழித்த அந்த முதியவர் அதைப் படித்துவிட்டு மனம் மாறினார். நோபிலிக்கு ஆதரவாகவும் நின்றார்.

மும்பையின் வடாலாவில் வாழும் தமிழர்களான எங்களுக்கு இது பழங்கதை அல்ல. ஆஷாட ஏகாதசிக்கு விட்டல் கோயில் வரிசையில் நிற்கிறோம். பிள்ளைகள் தங்களுக்குள் மராத்தியில் சண்டை போடுகிறார்கள். "எல்லாத்தையும் விட்டுட்டீங்களாமே?" என்று ஊரிலிருந்து பெரியப்பா போனில் கேட்பார். விளக்கினால் சமாதானமும் ஆவார். ஆனால் கல்யாண வீட்டில் பத்துப் பேரிடம் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டார். எங்களுக்கு வலிப்பது அதுதான்.

பெல்லார்மினைக் குறையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. பூமி சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடும்படி 1616இல் கலிலியோவிடம் சொன்னவரும் அவரே. நோபிலியின் வழியோ சாதிப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. சாதியால் ஒதுக்கப்பட்டோர் பலர் வாழும் தாராவிக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்ந்துகொண்டு அதை என்னால் லேசாகக் கடக்க முடியவில்லை. ஆனாலும் தன் கண்டனத்தைத் தானே திரும்பப் பெற்ற அந்த ஒரு செயலுக்காக பெல்லார்மினை மதிக்கிறேன்.

1621இல் அவர் இறந்தார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நோபிலியின் முறையை அனுமதித்தார்.

ஊரில் இருக்கும் பெரியவர்களே, எங்களைப் பற்றி எதைக் கேள்விப்பட்டாலும் முதலில் எங்களிடம் கேளுங்கள். சேதி தவறு என்று தெரிந்தால், அதை யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.